கெட்டோவின் தெருப்பாட்டு

ஆஷ்விட்சுக்குப் பிறகு கவிதை எழுதலாமா என்ற கேள்வி நம் சிற்றிதழ்களில் மந்திரம்போல ஓதப்பட்டு வருகிறது. 1949இல் ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோ எழுதி, 1951இல் அச்சான கட்டுரையின் கடைசிப் பகுதியில் வருவது அது. 1966இல் அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். நம்மவர்கள் தளர்த்தவில்லை. பேரழிவின் முன் மொழி ஊமையாகிவிடும், மௌனமே நேர்மையான கவிதை, ஜெர்மன் மொழியில் எழுதிய யூதக் கவிஞர் சேலானின் சிதைந்த வரிகளுக்கு அப்பால் எதுவும் இல்லை என்று அதை நீட்டி முழக்குகிறார்கள். இதை நான் அடியோடு மறுக்கிறேன். சேலான் மகாகவி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘பிறகு’ பற்றி இத்தனை பேசுகிறவர்கள், அந்த ஆண்டுகளிலேயே பட்டினிக்கும் சரக்கு ரயிலுக்கும் நடுவில் எழுதப்பட்டதைப் புரட்டிப் பார்த்ததுண்டா? நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவின் ரிங்கெல்ப்ளூம் ஆவணத்தொகுப்பு மட்டுமே ஏறத்தாழ 35,000 பக்கங்கள். அங்கே மொழி ஊமையாகவில்லை. எதுகையோடு பாடியது, ஏசியது, சிரித்தது.

இந்தச் சேகரிப்புப் பழக்கம் ஹிட்லருக்கு முந்தையது. 1912 முதல் 1914 வரை எழுத்தாளர் ஆன்ஸ்கி உக்ரைன் பக்கத்து யூதச் சிற்றூர்களில் கதையும் பாட்டும் திரட்டினார். முதல் உலகப்போர் மூண்டதும், நம் வரலாற்றை நாமே பதிந்துவைக்க வேண்டும் என்று எழுத்தாளர் பெரெட்ஸும் அவரும் 1915இல் மக்களை அழைத்தார்கள். 1925இல் தோன்றிய யீவோ என்ற யித்திஷ் ஆய்வகம் ஊர் ஊராகச் சேகரிப்பாளர்களை உருவாக்கியது. வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் அந்தப் பள்ளியில் தேறியவர்.

1940 நவம்பரில் கெட்டோவின் வாயில்கள் அடைபட்டபோது அவர் சனிக்கிழமைகளில் ஒரு ரகசியக் குழுவைக் கூட்டினார். குழுவுக்கு ‘ஓய்வுநாளின் மகிழ்ச்சி’ என்று பெயர். ஆசிரியர்கள், பொருளியலாளர்கள், எழுத்தாளர்கள், ஒரு ரப்பி. டிராம் சீட்டு, மிட்டாய்க் காகிதம், சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என்று எதையும் அவர்கள் ஒதுக்கவில்லை. அந்த ரப்பி ஷிமோன் ஹூபர்பாண்ட். 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர். அவர்தான் போர்க்கால நகைச்சுவைகளையும் வதந்திகளையும் மீட்பர் வரப்போகும் நாள் பற்றிய கணக்குகளையும் எழுதிவைத்தார். பசித்தவன் சொல்லும் பகடிதான் அவன் மனநிலையின் துல்லியமான பதிவு என்று உணர்ந்த அந்த நுண்ணறிவுக்கு, எந்தத் தத்துவப் பேராசிரியரின் சூத்திரமும் ஈடாகாது. 1942 ஆகஸ்டில் அவர் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்.

குழு திரட்டிய கடிதங்களும் அப்படித்தான். ஹெல்ம்னோ கொலைமுகாமில் பிணக்குழி தோண்ட வைக்கப்பட்டு, 1942 ஜனவரியில் தப்பிய ஷ்லாமெக் என்ற இளைஞர் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவரை ஜாமோஷ்ச் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பெல்ஜெட்ஸ் முகாமிலும் அதே கொலைதான் நடக்கிறது என்று அங்கிருந்து மறைமொழியில் எழுதினார். ஏப்ரலில் அவரையே பெல்ஜெட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். தணிக்கைக்காரன் கண்ணுக்குக் குடும்பச் செய்தியாகவும் உறவினர் கண்ணுக்கு மரண அறிவிப்பாகவும் ஒரே வாக்கியத்தை எழுதுவதற்கு வேண்டிய சொற்கட்டுப்பாட்டை, நவீனக் கவிதை தன் தனிச்சொத்தாகக் கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்?

குழுவில் இருந்த ஏறத்தாழ 60 பேரில் உயிர்பிழைத்தவர்கள் மூவர். ராஹேல் அவுவர்பாக் அவர்களில் ஒருவர். குழு மண்ணில் புதைத்துவைத்த தாள்களைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர். தாள்கள் அடைத்த தகரப்பெட்டிகள் 1946 செப்டம்பரில் கிடைத்தன. உள்ளே நீர் புகுந்திருந்தது. இரண்டு பால்கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. மூன்றாவது புதையல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த மண்ணிலிருந்து எழுத்து மீண்ட கவிஞர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் விளாதிஸ்லாவ் ஷ்லெங்கெல். போருக்கு முன் கேபரே மேடைக்குப் பாட்டெழுதியவர், கெட்டோவின் காபிக்கடை மேடையிலும் போலிஷ் மொழியில் கவிதை வாசித்தார். ‘தொலைபேசி’ என்ற அவர் கவிதையில் ஒருவன் மதிலுக்கு வெளியே யாரையாவது அழைக்க விரும்புகிறான். அழைக்க ஒருவரும் இல்லை என்று தெரிகிறது. கடைசியில் தொலைபேசியில் நேரம் சொல்லும் கடிகாரத்தின் எண்ணைச் சுழற்றி, அந்தக் குரலோடு பழைய நகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். இதைப் ‘பத்திரிகைத்தனம்’ என்று விமர்சகர்கள் நெடுங்காலம் ஓரங்கட்டினார்கள். சோம்பல் மிகுந்த தீர்ப்பு அது. நாளைக்கு உயிரோடு இருக்கமாட்டார்கள் என்று தெரிந்த கேட்போருக்கு இன்றைய செய்தியைச் சந்தத்தில் வைத்துக் கொடுப்பதுதான் அவர் ஏற்ற பணி. கேட்ட உடனே புரிய வேண்டும் என்பதே அந்தக் கவிதையின் இலக்கணம். 1943 கெட்டோ எழுச்சியின்போது அவர் கொல்லப்பட்டார்.

அவருக்கும் கீழே, பெயரற்ற தெருப்பாட்டு. வார்சாவில் பிச்சை எடுத்தவர்கள் பாடிய ரேஷன் அட்டைப் பாட்டு அதன் சிகரம். அட்டையைத் திருப்பிக் கொடுப்பதென்றால் சாவது. நம் ஊரில் ‘டிக்கெட் வாங்கிட்டான்’ என்கிறோமே, அப்படி. அட்டையைக் கொடுக்க மாட்டேன் என்பதே அந்தப் பாட்டின் பிடிவாதம். லோட்ஸ் கெட்டோவில் யான்கெல் ஹெர்ஷ்கோவிட்ஸ் என்ற தையல்காரர், யூதத் தலைவர் ரும்கோவ்ஸ்கியையே தெருவில் நின்று கேலி பாடினார். அவருடைய பாடல்களை உயிர்பிழைத்தவர்களின் நினைவிலிருந்து ஆய்வாளர் கீலா ஃப்ளாம் மீட்டெடுத்தார். வில்னாவில் நாஜிகளின் கொள்ளையிலிருந்து நூல்களைக் கடத்திக் காப்பாற்றிய கவிஞர் கச்செர்கின்ஸ்கி, 1948இல் 200க்கு மேற்பட்ட கெட்டோ, முகாம் பாடல்களை நியூயார்க்கில் நூலாக்கினார். கீவில் இசை ஆய்வாளர் பெரெகோவ்ஸ்கி திரட்டிய சோவியத் யூதர்களின் போர்க்காலப் பாடல்களுக்கு வாய்த்த கதி வேறு. 1950இல் ஸ்டாலின் ஆட்சி அவரைக் கைது செய்தது. அவர் 1961இல் இறந்தார். தாள்கள் நூலகத்தில் முடங்கிக் கிடந்து 1990களில்தான் வெளிப்பட்டன. 2018இல் இசைத்தட்டாக வந்தன.

இத்தனையும் ‘சாட்சியம்’ என்ற அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்துக்குப் பயன்படும், வரலாற்றாசிரியருக்குப் பயன்படும், கவிதைத் தொகுப்புக்கு மட்டும் ஆகாது! தமிழில் இதற்கு மாற்று செய்ய முடியும். நடந்த கொலைகளைப் பாட்டாக்கிய கொலைச்சிந்தைச் சந்தையிலும் ரயிலிலும் காலணா நூலாக விற்ற மொழி இது. ஒப்பாரியில் ஏசவும் பகடி செய்யவும் இடம் வைத்த மொழி. ஆங்கிலம் வழியாக, எதுகையைக் களைந்து, கனத்த முகத்தோடு வரும் வசனகவிதை மொழிபெயர்ப்புகள் இந்தப் பாடல்களைக் கொன்றுவிடும். ஷ்லெங்கெலுக்குச் சந்தம் வேண்டும். ரேஷன் அட்டைப் பாட்டுக்குச் சிந்து வேண்டும். யித்திஷும் போலிஷும் அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, சிந்தின் தாளம் கைவந்த ஒரு பாடலாசிரியர் இதைச் செய்ய வேண்டும். சேலானின் அடுத்த மொழிபெயர்ப்பு அதுவரை காத்திருக்கட்டும்.