மதிப்பெண் எந்த மொழியில்?

மலேசியாவில் தலையில் அடிபட்டு மீளும் குழந்தைகளின் பெற்றோர் கையில் இப்போதெல்லாம் குழந்தை நரம்புளவியலாளர் தந்த, மதிப்பெண் பட்டியலோடு கூடிய ஓர் அறிக்கை இருக்கிறது. எந்த மொழியில் சோதித்தீர்கள் என்று கேட்டால், எண்களைத் திருப்பிச் சொல்லவும் கட்டைகளை அடுக்கவும் மொழி தடையில்லை என்கிறார்கள். இந்தச் சமாதானம் தவறு.

குழந்தை நரம்புளவியலாளர் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கேன் காயம் இருக்கும் இடத்தைக் காட்டும். இரண்டு கட்டளைகளைப் பிள்ளையால் சேர்த்து நினைவில் வைக்க முடியுமா என்று காட்டாது. எட்டு வயதில் முன்மூளையில் பட்ட அடியின் விளைவு, திட்டமிட்டுப் படிக்க வேண்டிய பதின்மூன்று வயதில் வெளிப்படலாம் என்று எச்சரிப்பதும் இத்துறைதான். செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை போன்ற இடங்களில் இவர்கள் பெருக வேண்டும்.

ஆனால் அளவுகோல் கோணலானால் எச்சரிக்கையும் கோணலாகும். எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். 'ஒன், டூ, த்ரீ' என்பதைவிட 'ஒண்ணு, ரெண்டு, மூணு' நீளம். மலாயின் 'சத்து, டுவா, தீகா'வும் அப்படியே. சொல்ல நேரமானால் நினைவில் நிற்பவை குறையும். 1980-இல் உளவியலாளர்கள் எல்லிஸும் ஹென்னலியும் வேல்ஸ் இருமொழியாளர்களிடம் இதைக் கண்டார்கள்: வெல்ஷ் எண்களை உச்சரிக்க நேரம் கூடுதல், அதனால் அம்மொழியில் நினைவில் நின்ற எண்களும் குறைவு. வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் எண் நினைவுப் பகுதியில் வெல்ஷ் பிள்ளைகள் ஏன் பின்தங்கினார்கள் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் அதுவே. பிள்ளைகளின் மூளையில் குறையில்லை.

அப்படியிருக்க, தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் அம்மா பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்க்க, அமெரிக்கப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டால் கிடைப்பது என்ன? காயமே படாத பிள்ளையும் காயம்பட்டவனாகத் தெரிவான். கட்டை அடுக்குவதற்கும் முதலில் விளக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அடிபட்ட மூளை தடுமாறும் இடமே அதுதான். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அதைச் சொல்லி, நேரத்தையும் கணக்கிட்டால், தாமதம் காயத்தாலா மொழியாலா என்று எப்படிப் பிரிப்பது?

மறுவாழ்வில் இந்தக் குழப்பம் கொடியது. ஆறாம் ஆண்டு முடித்து மலாய்வழி முதலாம் படிவத்துக்குப் போகும் பிள்ளை தடுமாறினால், பழைய அறிக்கையைக் காட்டி "இவனால் இவ்வளவுதான்" என்பார்கள். பயிற்சி நின்றுவிடும்.

கிள்ளான் சிம்பாங் லீமா, பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நலமான பிள்ளைகளிடம் தமிழில் சோதித்துச் சராசரி திரட்ட வேண்டியது இத்துறையின் முதல் கடமை. அதுவரை, வாய்மொழியாக மொழிபெயர்த்துப் பெற்ற மதிப்பெண்ணை அறிக்கையில் எழுதவே கூடாது. பிள்ளை எதைச் செய்தான், எங்கே நின்றான், எந்த உதவியால் தொடர்ந்தான் என்று எழுதட்டும். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பயன்படுவது அதுதான்.