வளவும் லயமும்: ‘ஹமில்டன் வழக்கு’ நாவல் குறித்து ஒரு நோக்கு

துப்பறியும் கதை, உடைமையும் சட்டமும் நிலைபெற்ற முதலாளித்துவ சமுதாயம் தோற்றுவித்த இலக்கிய வடிவமாகும். குலைந்த ஒழுங்கை மீட்டுத் தருவதே அதன் பணி. கொலையாளி இனங்காணப்பட்டதும் மாளிகையில் அமைதி மீள்கிறது. அம்மாளிகை எவருடைய உழைப்பில் எழுந்தது என்ற வினா அங்கு எழுவதில்லை. கொழும்பிற் பிறந்து 1972இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த மிஷெல் டி கிரெட்சர் 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஹமில்டன் வழக்கு’ என்னும் நாவல், இவ்வடிவத்தை அதனுள்ளிருந்தே கேள்விக்குட்படுத்துகின்றது.

தேயிலைத் தோட்டத் துரை ஹமில்டன் கொல்லப்படுகிறார். சந்தேகம் தோட்டத் தொழிலாளர்மீது விழுகிறது. சிங்கள உயர்குடியிற் பிறந்து ஒக்ஸ்போர்டிற் கற்ற சாம் ஒபயசேகர, ஆங்கிலேயர் ஒருவரே குற்றவாளி எனக் காட்டிப் புகழடைகிறார். ஆயின், ஆட்சியாளர் அதனை மன்னிப்பதில்லை. மறுபுறத்தே லோகுகமவிலுள்ள குடும்ப வளவு சிதைகிறது. தாய் மோட் அங்கு தனித்து வாழ்கிறாள். சாமின் தன்வரலாறாகத் தொடங்கும் நாவல், சிவநாதன் என்ற தமிழ் வழக்கறிஞரின் கடிதத்தோடு முடிகையில், வழக்கின் ‘தீர்வு’ ஆட்டங்காண்கிறது. உண்மையெனப்பட்டது, ஆங்கிலங் கற்ற சுதேச மேட்டுக்குடி தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட கதையே என்பது புலனாகின்றது. இது நாவலின் பெருஞ்சிறப்பு.

எனினும், மலையக வரலாற்றின் ஒளியில் இதனை நோக்குவோமாயின் வேறொரு வினா எழுகின்றது. பேராதனையிலிருந்து கம்பளை வழியே செல்லும் வீதியிற் புசல்லாவை உள்ளது. அப்பகுதியின் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் 1941 மே மாதத்திற் கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாய்தன் என்னும் தொழிலாளர் இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டில், 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அது குறித்து விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. எவரும் தூக்குமேடை ஏறவில்லை. எந்தச் சாவு கொலையாகும், எந்தச் சாவு ‘சம்பவம்’ ஆகும் என்பதனை வர்க்க உறவுகளே தீர்மானித்தன.

இந்த வேறுபாட்டைத் துப்பறியும் வடிவத்தால் எட்ட முடிவதில்லை. அதனைக் கலைத்துப்போட முனையும் டி கிரெட்சரும் வளவுக்கு அளிக்கும் அகவாழ்வை லயத்துக்கு அளிக்கவில்லை. நாவலின் தொழிலாளர் முதலிற் சந்தேக நபர்களாகவும், பின்னர் வழக்கறிஞரின் திறமைக்குச் சான்றாகவுமே நிற்கின்றனர். எந்தக் கூற்றும் முடிந்த உண்மையன்று எனக் காட்டும் நாவல், கூற்றே அனுமதிக்கப்படாதோரைக் குறித்து மௌனமாகிறது. வளவின் சிதைவு அவலச்சுவை பெறுகின்றது. லயத்தில் வாழ்ந்தோருக்கோ சிதைவதற்கும் சொந்த வீடு இருந்ததில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியதும் இந்நாவல் வெளிவந்த 2003இலேயே. ‘கொன்றவர் யார்?’ என்பதோடு நில்லாது, ‘சாட்சி சொல்ல எவருக்கு உரிமை இருந்தது?’ என வினவும் நாவலையே மலையகம் வேண்டிநிற்கின்றது. அந்நாவலுக்கு ‘ஹமில்டன் வழக்கு’ வழி திறந்துள்ளது. அவ்வழியே லயத்துக்குட் செல்லும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.