கடைசி 200 மீற்றர்

சித்திரை பிறந்துவிட்டால் கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து ஏறும் வாகனங்கள் பல நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்குப் போகின்றவைதான். 1875இல் தொடங்கிய திடல் அது. வேலியோரம் முண்டியடித்து நிற்பவர்களின் கண் முழுவதும் குதிரையில். எந்த இலக்கம் முந்துகிறது என்பதே கேள்வி. மேலே இருக்கும் ஜொக்கியைப் பார்க்கிறவர் குறைவு. பந்தயத்தின் பாதி அழகு அங்கே வீணாகிறது என்பேன்.

பாய்ந்தோடும் குதிரையில் ஜொக்கி சேணத்தில் உட்காருவதே இல்லை. அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி, குதிரையின் பிடரிக்கு மேலே முதுகை வளைத்து நிற்கிறார். ஒவ்வொரு பாய்ச்சலிலும் குதிரையின் முதுகு ஏறி இறங்கும். அதை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன. இடுப்புக்கு மேலே ஆட்டமில்லை. தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைத்து லயத்துப் படியேறும் பெண்ணின் கழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை அவருடைய பாரத்தைச் சுமக்கிறதே தவிர, பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் அவரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 1900ஐ ஒட்டி இந்த நிலை பரவியபோது பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்ததாக 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

இந்த நிலையை ஒரு கலையாக்கியவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பிகொட். தாத்தா ஏர்னி பிகொட் கிராண்ட் நஷனல் வென்ற ஜொக்கி. தந்தை கீத் பயிற்சியாளர். பேரன் 1948இல், 12 வயதில், ‘த சேஸ்’ என்ற குதிரையில் ஹேடொக் திடலில் முதல் வெற்றி பெற்றான். 18 வயதில் எப்சம் டார்பி. அதே டார்பியை மொத்தம் ஒன்பது தடவை வென்றார். ஜொக்கிக்குப் பொருந்தாத உயரம், 5 அடி 8 அங்குலம். அந்த உடம்பை ஏறக்குறைய 53 கிலோவில் நிறுத்தி வைக்க ஆண்டுக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்தார். சுருட்டும் கோப்பியும்தான் துணை. சிறு வயதிலிருந்தே காதும் சரியாகக் கேட்காது, பேச்சும் குறைவு. கால் நீளமாக இருந்தும் அங்கவடியை மற்றவர்களைவிடக் குட்டையாகக் கட்டினார். அதனால் பின்புறம் வானத்தை நோக்கி உயர்ந்து நிற்கும். எத்தனை குதிரைகள் நெருக்கியடித்து வந்தாலும் அந்த ஒன்றைக்கொண்டே ஆளை அடையாளம் காணலாம்.

நான் ரசித்து ரசித்துப் பார்ப்பது 1968ஆம் ஆண்டு டார்பி. குதிரை சேர் ஐவர். வேகம் அபாரம், ஆனால் 2,400 மீற்றர் தாங்குமா என்று எல்லோருக்கும் ஐயம். கடைசி நேர்ப்பாதையில் கொனோட் என்ற குதிரை தெளிவாக முன்னே போய்விட்டது. பின்னால் பிகொட் கையை அசைக்கவில்லை. கடிவாளத்தில் அதே பிடி. கடைசி 200 மீற்றர் வந்தும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. இனி எட்டாது என்று பார்க்கிறவர் கைவிடும் நேரத்தில் குதிரையை வெளிப்பக்கம் எடுத்து, கேட்கிறார். கேட்டதும் கொடுக்கிறது. ஒன்றரைக் குதிரை நீளத்தில் வெற்றி. சிறிது முன்னதாகக் கேட்டிருந்தால் மூச்சு முடிந்திருக்கும், சிறிது பிந்தியிருந்தால் பாதை முடிந்திருக்கும். குதிரைக்குள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை விரல்களால் அளந்து வைத்திருந்தார் அவர். காத்திருக்கும் துணிவை இதைவிட அழகாகக் காட்டிய பந்தயத்தை நான் கண்டதில்லை.

1972இல் றொபேர்ட்டோவை நூலிழையில் வெல்ல வைத்ததைச் சிலர் இதற்கும் மேலாகச் சொல்வார்கள். அதில் வலிமை உண்டு, சவுக்கும் அதிகம். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை.

1981இல் எப்சத்தில் புறப்படும் கூண்டின் அடியில் குதிரை இழுத்துச் சென்று காது கிழிந்தது. ஒரு வாரத்தில் ‘1000 கினீஸ்’ பந்தயத்தை வென்றார். 1985இல் ஓய்வு. 1987இல் வரி ஏய்ப்புக்காகச் சிறை. ஓராண்டுக்குமேல் உள்ளே இருந்தார். குற்றம் குற்றந்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில், 54 வயதில், மறுபடி சேணம் ஏறினார். பன்னிரண்டாம் நாள் நியூயோர்க்கின் பெல்மொன்ட் பார்க்கில் றோயல் அக்கடமி என்ற குதிரையைப் பின்வரிசையிலிருந்து கொண்டுவந்து, கடைசிப் பாய்ச்சல்களில் ஒரு கழுத்து நீளத்தில் பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தை வென்றார். ஐந்து ஆண்டுகள் சிறையும் ஓய்வுமாய்க் கழிந்த பின்னும் அந்தக் கைகளுக்குக் கணக்கு மறக்கவில்லை.

பிரித்தானியத் தட்டையோட்டப் பந்தயங்களில் மட்டும் 4,493 வெற்றிகள். அவர் 2022 மே மாதம், 86 வயதில் காலமானார். றோயல் அக்கடமியின் தந்தை நிஜின்ஸ்கி. 1970இல் பிகொட் அதன்மீது ‘2000 கினீஸ்’, டார்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் வென்றார். அந்த மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரை அதன் பின் இன்றுவரை வரவில்லை.