எந்த அடுக்கைக் காப்பாற்றுவது? கான்பூர் லிபரேட்டர்களும் பெரிய கோவில் ஓவியமும்

தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலைப் பக்கம் வயலில் நிற்பவர்களுக்கு சுகோய் சத்தம் பழகிப்போன ஒன்று. 2020 ஜனவரி 20 அன்று 222-ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. ஆனால் விமானத்தளம் அதைவிடப் பழசு. 1940-இல், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்தது. அந்தக் காலத்து விமானங்களில் இந்தியாவோடு தொடர்புள்ளவை எங்கெல்லாம் மிச்சமிருக்கின்றன என்று தேடப்போய், பி-24 லிபரேட்டரில் மாட்டிக்கொண்டேன். (லிபரேட்டர் தஞ்சாவூர்க்காரர் இல்லை. ஆனால் நான் சொல்ல வருவதற்குத் தஞ்சாவூர் தேவைப்படுகிறது. கடைசியில் வருகிறேன்.)

லிபரேட்டர் நான்கு எஞ்சின் கொண்ட அமெரிக்க குண்டுவீச்சு விமானம். 18,000-க்கும் மேல் செய்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் முழுசாக இருப்பவை இருபதைத் தாண்டாது. அதில் ஆறு இந்திய விமானப்படையில் பறந்தவை. எப்படி?

போர் முடிந்ததும், கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வாங்கிய லிபரேட்டர்களை பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் குவித்து, மறுபடி பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனது. சுதந்திர இந்தியாவிடம் கனரக குண்டுவீச்சு விமானம் கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. அந்தக் குப்பையிலிருந்து ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, ஒவ்வொன்றாகக் கிளப்பி, பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லுக்கு ஓட்டிவந்தார்கள். ஓட்டியவர் ஹெச்.ஏ.எல். விமானி ஜம்ஷெட் முன்ஷி. இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர்பெற்றன. 1948 முதல் 1968 கடைசி வரை அவை இந்திய வட்டச் சின்னத்தோடு பறந்தன. போரில் பறந்தது சில மாதம் என்றால், இந்தியாவில் பறந்தது இருபது வருஷம்.

ஓய்வு கொடுத்த பிறகு ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நின்றது. மற்றவை வெளிநாடு போயின. ஒன்று கனடா போனது. பதிலுக்கு நமக்கு ஒரு லைசாண்டர் வந்தது. 1974-இல் ஒன்று லண்டன் ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்துக்காகப் பறந்து போனது. மூன்று அமெரிக்காவில் இருக்கின்றன. அரிசோனா பீமா அருங்காட்சியகத்தில் ஒன்று, ஃப்ளோரிடாவில் ஒன்று, காலிங்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒன்று.

என் விமர்சனம் இங்கேதான். காலிங்ஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் மறுபடி பறந்தபோது அதன் மேல் 'ஆல் அமெரிக்கன்' என்று எழுதினார்கள். 1998-இல் 'ட்ராகன் அண்ட் ஹிஸ் டெயில்' ஆனது. 2005-இல் 'விட்ச்கிராஃப்ட்'. மூன்றுமே வேறு வேறு விமானங்களின் பெயர்கள். கனடா விமானத்துக்கு கனடா வேஷம். பீமாவில் இருப்பதற்கும் அமெரிக்க வேஷம். லண்டன் விமானம் மட்டும் தன்னுடைய சொந்த பிரிட்டிஷ் நிறத்திலேயே இருக்கிறது. ஆனால் அதுவும் 1945-இன் நிறம்தான். கடல் தாண்டிய ஐந்திலும் இந்தியாவில் பறந்த காலம் பெயிண்ட் அடியில்.

கிட் பயன்படுத்துபவர்களுக்கு உடனே புரியும். பழைய கமிட்களை எல்லாம் அழித்து ஃபோர்ஸ் புஷ் செய்வது மாதிரி. கடைசியில் இருக்கும் கோப்பு அழகாகத்தான் இருக்கும். அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பது மட்டும் தெரியாது.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. அந்தக் குழுக்களில் பறந்த கிழவர்களும் அவர்கள் குடும்பமும் வந்து, தன் விமானம் மாதிரியே ஒன்றைத் தொட்டுப் பார்த்து அழுதிருப்பார்கள். அசல் 'விட்ச்கிராஃப்ட்' போருக்குப் பிறகு பழைய இரும்பாகிவிட்டது. அதை நினைவுகூர வேறு வழி இல்லை. யாரும் இந்தியாவை ஒளித்துவைக்கவும் இல்லை, கேட்டால் சொல்வார்கள். ஆனால் அருங்காட்சியகத்துக்கு வருபவர் கண்ணால்தான் படிக்கிறார், அடிக்குறிப்பால் இல்லை.

இப்போது தஞ்சாவூர். பெரிய கோவில் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியம் இருந்தது. அது பெயர்ந்த இடத்தில், அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சோழர் ஓவியம் வேண்டுமென்றால் நாயக்கர் ஓவியத்தைச் சுரண்ட வேண்டும். நாயக்கர் ஓவியம் இருக்கட்டும் என்றால் சோழர் ஓவியம் இருட்டிலேயே கிடக்கும். தொல்லியல் துறை மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது. மேல் அடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் ஒட்டித் தனியே வைத்தார்கள். இரண்டும் பிழைத்தன. "எது பெருமையானது?" என்று கேட்காமல், "எது நிஜமாக நடந்தது?" என்று கேட்டதால் கிடைத்த பலன் அது.

விமானத்துக்கு இதைச் செய்வது இன்னும் சுலபம். இறக்கையின் அடியில் ஒரு சதுர அடியைப் பெயிண்ட் அடிக்காமல் விடலாம். வாலில் இந்திய எண்ணைச் சின்னதாகவாவது எழுதலாம். கான்பூரில் ஒட்டுப்போட்ட தகடு ஒன்றைப் பிரித்தால் தூக்கிப் போடாமல் பக்கத்தில் வைத்து, இது யார் கைவேலை என்று சொல்லலாம். முன்ஷியின் பெயராவது பதிவாகிவிட்டது. அந்தத் தகடுகளை அடித்த மெக்கானிக்குகளுக்கு அவர்கள் அடித்த ரிவெட் தவிர வேறு கையெழுத்து இல்லை.

என்றைக்காவது ஒரு நாள் தஞ்சாவூர் சுகோய்க்கும் வயசாகும். ஒன்றைப் பீடத்தில் ஏற்றி நிறுத்துவார்கள், புதுப் பெயிண்ட் பளபளக்கும். அந்தச் சமயம் யாராவது ஒருவர், பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்னால், பழைய பெயிண்டை நாலு போட்டோவாவது எடுத்துவைத்தால் போதும்.