நூதனசாலைக்குப் போகிறோம், பார்க்கிறோமா?

நமது பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்களில் கொழும்பு தேசிய நூதனசாலை தவறாமல் இடம்பெறுகிறது. மிருகக்காட்சிச்சாலைக்கும் காலிமுகத்திடலுக்கும் நடுவே அதற்கு ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் பிள்ளைகள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்பதே என் கேள்வி.

தரம் 9 மாணவர்களோடு அண்மையில் நானும் போயிருந்தேன். ஒவ்வொரு கையிலும் வினாத்தாள். 'காலி மும்மொழிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்ட ஆண்டு?' ஒருவர் 1911 என்று சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். கல்லை ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. இது ரசனையல்ல, இடம் மாறி நடக்கும் பரீட்சை.

நாலைந்து பேரை நிறுத்திக் கேட்டேன்: "இதில என்ன தெரியுது? எதை வச்சு அப்பிடிச் சொல்றீங்க? வேற என்ன இருக்கு?" அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் கலைக்கூடங்களுக்கென வகுத்த முறையின் சாரம் இதுதான். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ஒருவன், "மேல ரெண்டு பாம்பு சேர்" என்றான். "பாம்பில்ல, டிராகன்" என்றாள் ஒரு மாணவி. சற்றுப் பொறுத்து அவளே, "சீன எழுத்து மேலிருந்து கீழ வருது, தமிழ் இடப்பக்கமிருந்து போகுது, மத்தது நம்மட ஓதுற கிதாபு மாதிரி வலப்பக்கமிருந்து" என்றாள். ஒரே கல்லில் கண் மூன்று திசையில் போகவேண்டியிருக்கிறது. இதை எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

தகவல் அதற்குப் பிறகுதான் ருசிக்கும். 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட இக்கல்லை நிறுவிய சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. அதிகம் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதி. அதை உற்றுப் பார்க்க நம் பிள்ளைகளுக்கும் பொறுமையில்லை என்றால் வேறு யாருக்கு இருக்கும்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சிலைகள் வந்ததும், "அது நமக்குத் தேவல்ல, வாங்க" என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். வணங்குவது வேறு, பார்ப்பது வேறு. பொலன்னறுவை வெண்கல நடராசரின் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் எப்படி நிற்கிறது என்று யோசிப்பதால் எவருடைய ஈமானும் குறையாது. அயலவர் எதை அழகென்று கண்டார் என்பது தெரியாமல் அவரோடு எப்படி வாழ்வது?

கட்டடத்தையாவது காட்டுகிறோமா? 1877இல் திறக்கப்பட்ட இந்த நூதனசாலையை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார், பின்னர் 1892இல் ஸாஹிரா உருவாக உழைத்தவர்களுள் ஒருவர். அந்த வெள்ளை வளைவுகளின் கீழ் நின்று பகற்சோறு தின்ற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஆசிரியர் முன்கூட்டியே ஒருதரம் போய் மூன்று பொருட்களை மட்டும் தெரிவு செய்யட்டும். ஒவ்வொன்றின் முன்னும் பதினைந்து நிமிடம். வினாத்தாளுக்குப் பதில் வெற்றுத் தாளும் பென்சிலும். வரையும் கை கண்ணை அவசரப்பட விடாது. மற்ற அறைகளைப் பார்க்காமல் திரும்பினாலும் நட்டமில்லை.

இந்த நாட்டின் பொதுச் சொத்தில் தனக்கும் பங்குண்டு என்பதைப் பிள்ளை நாம் சொல்லி நம்பக்கூடாது, தன் கண்ணால் கண்டு அறியவேண்டும்.