தோப்பில் முஹம்மது மீரானும் நம் சமுதாயமும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது உமறுப் புலவரின் சீறாப்புராணமே. அதனை அடுத்து கிஸ்ஸா, மஸாலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என நம் முன்னோர் தமிழுக்குப் புதிதாய் வழங்கிய இலக்கிய வகைகள் வரிசையாய் வந்து நிற்கும். ஆயினும் நாவல் என்று வரும்போது நம் பெருமிதம் சற்றே தயங்குகிறது. இத்தயக்கத்திற்கு நியாயம் இல்லை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், இலங்கை அறிஞர் சித்தி லெப்பை 'அஸன்பேயுடைய கதை'யை எழுதி வெளியிட்டார். 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை எழுதியபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர்.

ஆக, எழுதுவோர் நம்மிடையே இருந்தனர். ஆனால் அஸன்பேயின் கதை எகிப்து நாட்டில் பிறக்கிறது. நம் பள்ளிவாசல் தெருவையும், நம் வீட்டு முற்றத்தையும், நம் ஏழைகளின் கண்ணீரையும் முழுமையாக நாவலில் ஏற்றித் தமிழுலகம் அனைத்தும் அறியச் செய்ய ஒருவர் வரவேண்டியிருந்தது. அவரே மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான்.

அன்னார் 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தார். குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்தது 1956இல். அதற்கு முந்திய காலத்துப் பிள்ளையாதலின் அவர் கற்றது மலையாள வழிக் கல்வி. தமிழ் அவருக்குப் பாடநூலின் வழி வரவில்லை. உம்மாவின் வாய்மொழியாகவும் கடற்கரையின் கூச்சலாகவும் வந்தது. பின்னாளில் திருநெல்வேலியில் குடியேறி, மிளகாய் வற்றல் வணிகம் செய்து பிழைத்தவாறே எழுதினார். 2019ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் அங்கேயே இறையடி சேர்ந்தார்.

புதுவையின் உட்புறத்துச் சிற்றூரான பண்டசோழநல்லூரிலிருந்து இதனை எழுதும் நமக்கு இங்கே மற்றொருவர் நினைவுக்கு வருகிறார். அவர் நம் மண்ணின் மைந்தர் பிரபஞ்சன். மீரானுக்குச் சில மாதங்கள் இளையவர். சாகித்திய அகாதெமி விருதை 1995இல் பெற்றவர். 2018 டிசம்பரில் மறைந்தவர். மீரான் அதே விருதை 1997இல் பெற்றார். பிரபஞ்சன் மறைந்த ஐந்தாம் மாதத்தில் தாமும் மறைந்தார். பிரபஞ்சனுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு துணை நின்றது. அதனைக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அவர் உயிர்ப்பித்தார். மீரான் எழுதிய மக்களுக்கோ நாட்குறிப்பு எழுதுவார் எவரும் இலர். அவர்களுடைய வரலாறு கிழவியரின் பேச்சிலும் கபுறுஸ்தானின் கற்களிலும் மட்டுமே இருந்தது. அதைக் கேட்டு எழுதியதே மீரானின் தனிச் சாதனை.

அவருடைய முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாயிற்று. அதற்கு முன் அதனைத் தொடராக வெளியிட்டது 'முஸ்லிம் முரசு' என்பதை நாம் மறத்தலாகாது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி என்பவர் ஊரையும் பள்ளிவாசலையும் ஒருங்கே தம் கைப்பிடியில் வைத்திருக்கிறார். அவர் சொல்லே ஊருக்குச் சட்டம். அவர் சினமே ஊருக்குத் தண்டனை. ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்க மெஹ்பூப்கான் என்னும் ஆசிரியர் ஊருக்கு வருகிறார். அக்கல்வி ஹராம் என்று தடை எழுகிறது. முதலாளிக்கு அஞ்சாமல் நிமிர்ந்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரியான மஹ்மூது ஒருவனே. இதற்கிடையே தங்ஙள் வேடமிட்டு வந்த ஒருவர் ஊராரின் அறியாமையைக் காசாக்கிக் கொள்கிறார்.

1991இல் வந்த 'துறைமுகம்' கருவாட்டு வணிகத்தின் கதை. கடற்கரையில் மீனை வாங்கி உலர்த்திக் கொழும்புக்கு அனுப்பும் சிறு வியாபாரி, அக்கரையிலிருந்து வரும் கணக்குக் கடிதத்தை நம்பி நம்பி அழிகிறான். கடன் ஒரு மனிதனின் முதுகெலும்பை எப்படி முறிக்கும் என்பதைத் தமிழில் இவ்வளவு நுட்பமாகக் காட்டிய நாவல்கள் சிலவே. 1993இல் வந்த 'கூனன் தோப்பு' இரு சமயத்தார் மோதிக்கொண்ட துயரத்தைக் கூறுவது. 1997இல் விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யோ பழம்பெருமையின் சாவைக் கூறுவது. முன்னோர் ஒருவர் மன்னருக்குச் செய்த உதவியால் பெற்ற சொத்து, பரம்பரையின் கடைசியில் வந்த முஸ்தபாக்கண்ணுவின் கையில் கரைகிறது. உழைத்துண்ணும் எண்ணம் அவருக்கு இல்லை. வீட்டின் மரச் சாமான்களை ஒவ்வொன்றாய் விற்று வாய்க்கு ருசியாய் உண்கிறார். பசித்திருக்கும் மனைவி மரியம் பீவியை அடக்க அவர் கையில் இருப்பது 'அதபுப் பிரம்பு'. அதபு என்றால் ஒழுக்கம். ஒழுக்கத்தின் பெயரைத் தாங்கிய பிரம்பு, ஒழுக்கமற்றவர் கையில் இருக்கிறது! ஒரு பிரசங்கத்தில் அடங்காத கண்டனத்தை ஒரு பொருளின் பெயரில் அடக்கிவிடுகிறார் ஆசிரியர்.

'சமுதாயத்தின் குறைகளை ஊரறியச் சொல்லலாமா? மாற்றார் கையில் ஆயுதம் கொடுத்ததாகாதா?' என்று கேட்போர் நம்மில் உண்டு. இக்கேள்வியை எள்ளி நகையாடுவதற்கில்லை. சிறுபான்மையாய் வாழும் மக்களின் அச்சம் அதில் இருக்கிறது. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, இக்கண்ணாடியை முதன்முதலில் மாட்டிய சுவர் நம் வீட்டுச் சுவரே. பிறர் வாசிப்பதற்கு முன் நம் இதழில் நாமே வாசித்தோம். முஃமினையும் கண்ணாடியையும் ஒப்பிட்ட நபிமொழியை அறியாதார் நம் வீடுகளில் இல்லை. இரண்டாவது, மீரான் எங்கேயும் மார்க்கத்தைப் பழிக்கவில்லை. மார்க்கத்தின் பெயரால் எளியோரை மிதிப்பவரையே பழித்தார். கல்வியைத் தடுத்த முதலாளியைக் கண்டிப்பதற்கு வெளியிலிருந்து ஒரு தத்துவத்தை அவர் கடன் வாங்கவில்லை. ஓதுக என்று தொடங்கிய மார்க்கமே அக்கண்டனத்திற்குப் போதுமானதாயிருந்தது.

2008இல் வெளிவந்த 'அஞ்சுவண்ணம் தெரு' வேறொரு வழக்கை எழுப்பிற்று. பழைய தைக்காவும், ஆலிப் புலவரின் மிஃறாஜ் மாலையை இரவில் கூடியிருந்து ஓதிய மரபும் ஒருபுறம். அவற்றையெல்லாம் தவறெனத் தள்ளும் தவ்ஹீது இளைஞர்களின் வேகம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே தெருவே பிளவுபடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் போலித் தங்ஙளைச் சாடி மூடநம்பிக்கையை எதிர்த்தவர், இப்போது பழைமைக்குக் கண்ணீர் வடிக்கிறாரே, இது முரண்பாடு அன்றோ என்று சிலர் வினவினர்.

நாம் இதனை முரண்பாடாகக் கருதவில்லை. மீரானின் கையில் தொடக்கம் முதல் இறுதிவரை இருந்தது ஒரே அளவுகோல்: ஒரு தெருவின் தீன் அங்குள்ள எளியோர் படும் பாட்டில் தெரியும். 1988இல் எளியோரை வருத்தியவர் முதலாளி. அன்று அவரைச் சாடினார். 2008இல் மூதாட்டி ஒருத்தியின் நம்பிக்கையை ஏளனம் செய்த கடுமை வருத்திற்று. அன்று அதனைச் சாடினார். கொள்கை வழக்கை ஆலிம்கள் தீர்க்கட்டும். அண்ணன் தம்பி ஸலாம் சொல்ல மறுக்கும் நிலையை ஒரு நாவலாசிரியன் துயரமாகத்தான் எழுத முடியும். அத்துயரை அறியாத ஜமாஅத்துகள் இன்று எத்தனை?

குறைகளும் உள. முதல் நாவலில் முதலாளியின் கொடுமை சில இடங்களில் அளவு மீறி, அவர் மனிதராய்த் தோன்றாமல் உருவகமாய்த் தோன்றுகிறார். மஹ்மூதுக்கும் மெஹ்பூப்கானுக்கும் கொள்கை இருக்கும் அளவுக்கு உள்ளப் போராட்டம் இல்லை. இவற்றினும் பெரிய குறை பெண்களைப் பற்றியது. மீரானின் பெண்கள் அழுகிறார்கள், பொறுக்கிறார்கள், அழிகிறார்கள். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது நம் செவிக்கு எட்டுவதில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்ட அழுகை அது. கதவுக்கு உள்ளிருந்து எழுத 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வரவேண்டியிருந்தது. எனினும் அக்கதவு இருக்கும் இடத்தை நமக்குக் காட்டித் தந்தவர் மீரான் என்பதை மறுப்பதற்கில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். குமரிக் கரையின் தமிழும் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அவர் நடை, அத்தா என்று அழைத்துப் பழகிய வீட்டாருக்குத் தொடக்கத்தில் கரடுமுரடாகவே இருக்கும். வயல் சூழ்ந்த நம் போன்ற ஊர்களில் சுறாப்பீலியைக் கண்டவர் யார்? ஆயினும் நாற்பது பக்கங்கள் பொறுமையாய்க் கடந்தோமாயின் மையித்தும் நேர்ச்சையும் மோதினாரும் நமக்குத் தெரிந்தவையே என்று உணர்வோம். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் தம் ஊர்ப்புறத்தை ஒட்டி ஒரு மாவட்டத்தையே கற்பனையில் படைத்து, நாவல் நாவலாக அங்கேயே உழுதார். எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸ் கெய்ரோவின் சந்துகளை எழுதி, 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில்தான் தேங்காய்ப்பட்டணத்தின் கதையும் நூலாயிற்று. தன் தெருவை உண்மையாய் எழுதியவனை உலகம் அயலானாக எண்ணுவதில்லை.

மீரானுக்குப் பின் கீரனூர் ஜாகிர்ராஜா, மீரான் மைதீன், மர்ஹூம் அர்ஷியா எனப் பலர் எழுத வந்தனர். அவர் விட்டுச் சென்ற செல்வம் இந்த வரிசையே. ஆனால் நம் இல்லங்களில் அன்னாரின் நூல்கள் எத்தனை அலமாரிகளில் உள்ளன? திருமணத்திற்குப் பாத்திரம் பண்டம் வழங்குகிறோம். தேர்வில் வென்ற பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தருகிறோம். அவற்றோடு ஒரு 'சாய்வு நாற்காலி'யையும் சேர்த்துத் தரலாம். தந்தை வாசித்து முடித்ததும் தாயும் மகளும் வாசிக்கட்டும். பின்னர் அந்த அதபுப் பிரம்பைப் பற்றிக் குடும்பத்தார் கூடியிருந்து பேசட்டும். மரியம் பீவிக்குக் கிடைக்காத பேச்சு நம் வீட்டில் தொடங்குமானால், எழுதியவரின் உழைப்பு வீண்போகாது. வல்ல நாயன் அன்னாருக்கு மறுமையில் உயர் பதவி அருள்வானாக!