காயலான் கடைக்கு முந்தைய நிறுத்தம்

வெளிநாட்டில் பொம்மை சேகரிப்பவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைப்பார்கள்; பிரித்தால் விலை விழுந்துவிடும். இங்கே அதே பித்துப் பிடித்தவருக்கு அப்படியொரு கொடுப்பினை இல்லை. அவர் தேடி அலைவதில் பாதி, தனியாக விலைக்கே வராத சாமான். பினாகா பற்பசை டப்பாவுக்குள் கிடந்த விரல்நுனி அளவு பிளாஸ்டிக் மிருகம், கோல்ட் ஸ்பாட் மூடிக்குள் ஒளிந்திருந்த ஜங்கிள் புக் படம், தீப்பெட்டியின் முதுகில் ஒட்டிய லேபிள், மளிகைக் கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த காலண்டர் என்று பட்டியல் போகும். மீதிப் பாதி, ஒன்றிரண்டு ரூபாய்க்குப் பெட்டிக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய காமிக்ஸ். உபயோகம் முடிந்ததும் தூக்கிப் போடுவதற்கென்றே செய்த பொருள்கள் இவை. அதனால் தமிழ்நாட்டில் இந்தத் துறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பழைய சாமான் எந்த வழியாகப் போகிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி. அந்த வழியில் கிண்டியைத் தாண்டித் தாம்பரம் வரை நீளும் ரயில் தடத்துக்குத் தனி மரியாதை உண்டு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைத் தெரியாத சேகரிப்பாளர் சென்னையில் இருக்க முடியாது. கன்டோன்மென்ட் பகுதியில், பழைய டிரங்க் ரோட்டை அடைத்துக்கொண்டு வாரம் ஒருநாள் கூடுகிறது. மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது என்பார்கள். இப்போது ரோஜாச் செடி, புறா, மீன்தொட்டி, கழற்றிய கம்ப்யூட்டர், வால்வு ரேடியோ, கைப்பிடி போன இஸ்திரிப் பெட்டி எல்லாம் தார்ப்பாய்க்குத் தார்ப்பாய் பரப்பிக் கிடக்கும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அடியில் இருக்கும். முகத்தில் ஆர்வம் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் அனுபவசாலிகள் முதலில் மிக்ஸி ஜாரைத்தான் விசாரிப்பார்கள். வேலைநாளில் கூடுகிற சந்தை வேறு. ஓய்வு பெற்றவர்களுக்கும் ஷிப்டு வேலைக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் காலைச் சரக்கு, மற்றவர்களுக்கு மிச்சம்.

இந்த ஊரில் குனிந்து பொறுக்குவதற்கு நீண்ட மரபு உண்டு. 1863 மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் பல்லாவரம் பரேடு மைதானத்தை ஒட்டி ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்காலத்துக் கைக்கோடரி. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. பல்லாவரத்துச் சேகரிப்பாளர்களில் மூத்தவர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை.

பழைய சாமான் ஏன் இந்தப் பக்கம் குவிகிறது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ரயில்வே, விமானப்படை ஊழியர்களும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அந்த வீடுகளில் பரண் உண்டு. பரணில் ஏறியது இறங்காது. இன்று பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீடு பில்டர் கைக்குப் போகும்போது பரண் ஒரே நாளில் காலியாகிறது. பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார், இரும்பு காயலான் கடைக்குப் போகும். அதற்கு முந்தைய கடைசி நிறுத்தம்தான் சந்தை. மூர் மார்க்கெட் இருந்தவரை இந்த வேலையை அது செய்தது. 1985 மே மாதம் அது எரிந்த பிறகு, பழம்பொருள் பித்தர்களுக்கு ஒரே கூரை என்று எதுவும் இல்லாமல் போயிற்று.

சந்தையில் கிடைக்கும் காகிதத்தில் பெரும்பகுதி சிவகாசி என்ற ஒரே ஊரிலிருந்து வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922இல் கல்கத்தா போய்த் திரும்பிய கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் அது சும்மா இருக்க முடியாது. பட்டாசு உறை, காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் ஓடின. கோவில்பட்டியில் இருந்த கொண்டையா ராஜு (1898–1976) வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சில் ஏறி வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். காலண்டரின் அடியில் ஜவுளிக் கடை பெயர், மேலே தெய்வம். பூஜை அறையிலேயே விளம்பரத்தை மாட்டி வைத்த ஊர் நம்முடையது. 1972இல் சௌந்திரபாண்டியன் முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு முத்து காமிக்ஸை அங்கே தொடங்கியபோது, அச்சு இயந்திரமும் வண்ண அட்டை அடிக்கும் கைத்திறனும் ஊரிலேயே தயாராக இருந்தன. ஆகவே தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவரையும் காலண்டர் சேகரிப்பவரையும் காமிக்ஸ் சேகரிப்பவரையும் நான் தனித்தனி ஜாதியாகப் பார்ப்பதில்லை. மூவரும் ஒரே தொழிற்சாலையின் கழிவைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள்.

முத்துவின் முதல் கதை ‘இரும்புக்கை மாயாவி’. ஒரு கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோவார். அந்தக் கை மட்டும் தெரியும். 1962 முதல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த கதை அது. பெரும்பகுதியை வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. வாரத்துக்குச் சில பக்கமாக வந்ததைக் கட்டம் கட்டமாக வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, கால்சட்டைப் பையில் அடங்கும் புத்தகமாக்கினார்கள் சிவகாசியில். மேலைநாட்டு ஓவிய ரசிகர் பார்த்தால் பதறுவார். எனக்கு என்னவோ அந்த வெட்டு ஒட்டுதான் தமிழ் காமிக்ஸின் சொந்தச் சரக்கு என்று தோன்றுகிறது.

1984 ஜூலை இந்தத் துறைக்கு முக்கியமான மாதம். விஜயனின் லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைசியோடும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடும் அந்த ஒரே மாதத்தில் தொடங்கின. ராணி ஐந்நூறு இதழ் போட்டுவிட்டு 2005இல் நின்றது. லயன் கொண்டுவந்த ஸ்பைடர், முழுநேர வில்லனாகத் தொடங்கிப் பிறகு நல்லவனாக மாறிய விசித்திரப் பிறவி. அதன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இதை எண்பதுகளில் குரோம்பேட்டைப் பையன் எவனும் அறிந்திருக்கமாட்டான். எழுத்தாளர், ஓவியர் பெயரெல்லாம் நமக்கு வந்து சேரவில்லை. இரண்டு ராணிக்கு ஒரு லயன் என்ற மாற்று விகிதம் மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பையன்கள் இப்போது ஐம்பதை ஒட்டியவர்கள். பழுத்த ரசிகர் ஒருவரின் கையில் பழைய முத்து இதழ் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கதையைப் பிரிக்கமாட்டார். முதலில் பின்னைப் பார்ப்பார். துரு தாளில் இறங்கிப் பழுப்பு வட்டமாகியிருந்தால் அது பழைய பின். பளபளப்பாக இருந்தால் யாரோ அட்டையை வேறு இதழிலிருந்து கழற்றி மாட்டியிருக்கலாம். அடுத்து நடுப்பக்கம். பின் தளர்ந்தால் முதலில் கழன்று விழுவது அதுதான். பிறகு வாடகை நூல்நிலைய முத்திரை, பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பழைய சொந்தக்காரனின் பெயர், வகுப்பு, பிரிவு. கடைசியாக முகர்ந்து பார்ப்பார். நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுத்து அமிலமாகி, தாள் மடிப்பில் ஒடியும். வாசனை காட்டிக் கொடுத்துவிடும்.

காற்றைவிடப் பெரிய எதிரி தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது தரைத்தள வீடுகளில் அலமாரியின் கீழ்த்தட்டுகள் எல்லாம் நீரில் நின்றன. சேகரிப்பாளருக்கு அந்த வெள்ளம் கற்றுத் தரக்கூடிய வேதியியல் ஒன்று உண்டு. மட்டமான நியூஸ்பிரிண்ட் நனைந்தால் உப்பும், அலை அலையாக வளையும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகி மின்விசிறியில் காயவைத்தால் படிக்கிற நிலைக்கு வந்துவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் அதன் பூச்சு பசையாகி முழுப் புத்தகமும் ஒரே கட்டியாக இறுகும். ஆக, ஒரு ரூபாய் மாயாவி பிழைத்துக்கொள்வார். நூற்றுக்கணக்கில் விலை வைத்த வண்ணப் பதிப்புதான் செங்கல்லாகும்.

பொம்மைக்கு வருவோம். எம்.ஆர்.எஃப். நிறுவனர் மாம்மன் மாப்பிள்ளை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் அவர் தொடங்கியது டயர்த் தொழில் அல்ல, பலூன். அதே நிறுவனம் 1987இல் அமெரிக்க ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூலை ஆரம்பித்தது, பொம்மைக்கே திரும்பியது. ஃபன்ஸ்கூல் வார்த்த ஜி.ஐ. ஜோ சிப்பாய்கள் அமெரிக்க அசல்களிலிருந்து நிறத்தில் விலகியவை. அங்கே பச்சை என்றால் இங்கே வேறு ஏதாவது. அந்த முறை தவறிய நிறங்களுக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று இந்தியப் பொம்மையைத் தேடுகிறார்கள். நம் பரண்களில் அவை கை போய், கால் போய், துப்பாக்கி தொலைந்து கிடக்கின்றன. விளையாடித் தீர்த்த பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிரம்ப் கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மல்யுத்த வீரர்களின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தலைமுறை இருந்தது என்பதோடு விட்டுவிடலாம்.

தகரப் பலகைகளின் கதைதான் மோசமாகிவிட்டது. பீங்கான் பூச்சுப் பூசிய பழைய விளம்பரப் பலகை, தேயிலைக்கோ சிகரெட்டுக்கோ ரேடியோவுக்கோ, ஓட்டல்காரர்கள் சுவரில் மாட்டத் தொடங்கிய நாளிலிருந்து விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. விலை போனால் போலி வரும். அசலைக் கண்டுபிடிக்க விரலே போதும். இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையில் வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை சுட்டு எடுப்பார்கள். அதனால் எழுத்தின் விளிம்பில் நிறம் மேல் நிறம் ஏறிய மேடு தட்டுப்படும். அடித்த ஆணித் துளையைச் சுற்றிக் கண்ணாடிபோல் சில்லு பெயர்ந்திருக்கும், துரு அங்கே மட்டும் கறுத்திருக்கும். போலியில் எழுத்து மழமழவென்றிருக்கும். துரு துளையில் இல்லாமல், அழகாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பரவியிருக்கும்.

விளம்பரப் பலகை என்றதும் தரமணியைச் சொல்லாமல் நகர முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தொழில்முறையில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். தமிழ் அச்சில் வந்த எதையும் விடாமல் சேர்த்தார்: புத்தகம், இதழ், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைக்க ஏற்பாடு செய்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. ஒரு நாடக நோட்டீஸுக்கு அவர் கொடுத்த மதிப்பை நம் ரசிகர் கூட்டம் ஒரு பற்பசை டப்பாவுக்குக் கொடுக்கிறதா என்பது என் கேள்வி. பொருளைப் போற்றுகிறோம், சரி. எந்த ஆண்டு, எந்தக் கடை, யார் வீட்டுப் பரண், எவ்வளவுக்கு வாங்கியது என்று ஒரு வரி எழுதி வைப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேர்த்தவர் போனபின் பிள்ளைகளுக்கு அது மறுபடியும் குப்பை. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும், அது சேகரிப்பாகிவிடும்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. ஜப்பானிய அனிமே வேடம் பூண்ட இளைஞர்கள் நிறைந்த கூட்டம். நம் ஐம்பது வயது மாயாவி ரசிகருக்கு அங்கே கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்யும். அவருடைய திருவிழா புத்தகக் காட்சியில் லயன்–முத்து அரங்கு. பதினெட்டுப் பாகங்களை ஒன்றாகக் கட்டி 2010இல் வந்த ‘இரத்தப் படலம்’ போன்ற புத்தகம் அச்சாவதே அவர் மாதிரியானவர்கள் முன்பணம் கட்டிக் காத்திருப்பதால்தான். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஏளனமாகப் பார்ப்பது வேடிக்கை. இருவர் செய்வதும் ஒன்றே. ஒருவர் உடம்பில் மாட்டிக்கொள்கிறார், மற்றவர் பாலிதீன் உறையில் போட்டு வைக்கிறார்.

பழைய ரசிகர்களிடம் ஒரு விநோதமான ஆராய்ச்சி உண்டு. ‘விரைவில் வருகிறது’ என்று விளம்பரம் செய்து கடைசிவரை வராமலே போன கதைகளைப் பட்டியல் போடுவார்கள். அந்தக் கதைகள் தமிழில் வரவிருந்தன என்பதற்கு இதழின் கடைசியில் வந்த அந்த அரைப்பக்க விளம்பரம்தான் ஒரே சாட்சி. சிக்கல் என்னவென்றால், வாடகை நூல்நிலையக்காரர்களும் வீட்டில் பைண்டு பண்ணியவர்களும் தொகுதியாகத் தைப்பதற்கு முன் முதலில் கிழித்துப் போட்டவை அட்டையும் விளம்பரப் பக்கமும்தான். அப்படிக் கட்டிய தொகுதிகள் சந்தையில் இன்னும் வருகின்றன. “கதையில ஒரு பக்கம்கூடக் குறையாது சார்” என்று விற்கிறவர் சத்தியம் செய்கிறார். அவர் சொல்வது உண்மைதான்.